நீலம் பூத்த ஆக்சில்

டில்லியில் வசுமதியிடம் தன் வயிற்றைத் திறந்து காட்டாத இரும்பே கிடையாது. மெட்ரோவில் அவள் ஏறினால் தண்டவாளம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மெஹ்ரோலியில் எத்தனையோ நூற்றாண்டாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறதே ஒரு தூண், அது அவள் வருகிறாள் என்று கேள்விப்பட்டால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். இதில் முக்கால் பங்கு மிகை என்று இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவதுதான் மரியாதை. தூணைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அவள் அதைத் தொட்டதுகூட இல்லை. மீதிக் கால் பங்கு மட்டும் சத்தியம். அந்தக் கால் பங்கே ஒரு மனுஷியை அயர்த்திப் போடுகிற அளவுக்குக் கனமானது.

மாயாபுரியில் ஒரு தனியார் உலோகப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மெட்டலர்ஜி படித்தவள். உடைந்த போல்ட், விரிசல் விட்ட பைப், பல் போன கியர் எல்லாம் பிரேதப் பரிசோதனைக்கு வருவதுபோல அவள் மேஜைக்கு வரும். அதில் ஒரு துண்டை வெட்டி, கறுப்பு பேக்லைட் வில்லையில் பதித்து, எமரி காகிதத்தில் முரடிலிருந்து மெல்லியது வரை தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும். வெறும் கண்ணுக்கு லேசாக மங்கிய மாதிரிதான் இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தாலோ இரும்பு தன் ஜாதகத்தையே விரித்து வைத்துவிடும்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. இரும்பு–கார்பன் படம். இடமிருந்து வலமாகப் போனால் கார்பன் கூடும். கீழிருந்து மேலே போனால் சூடு கூடும். நடுவில் ஓடுகிற கோடுகள் அதை மாநிலம் மாநிலமாகப் பிரித்திருக்கும். இத்தனை கார்பன் உள்ள இரும்பு இத்தனை சூட்டில் எந்த மாநிலத்துப் பிரஜை என்று விரலை வைத்துச் சொல்லிவிடலாம். நிதானமாக ஆறவிட்டால் வெள்ளை வெள்ளையாக மணிகளும், கைரேகை மாதிரி வரி வரியாகப் பெர்லைட்டும் வரும். அதையே செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால் வேறு கதை. மார்ட்டென்சைட் என்று ஒரு வடிவம் எடுத்துக்கொள்ளும்: ஊசி ஊசியாக, கல்லாக, முட்டினால் உடைந்துபோகிற வீம்போடு. அந்த வடிவத்துக்குப் படத்தில் இடமே கிடையாது. படம், ஆற அமர ஆறுகிறவர்களுக்கு. இதுவோ அவசரத்தில் பிறந்தது. அதனால் அதை மறுபடியும், முன்னைவிடக் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து வீம்பைத் தணிக்க வேண்டும். அதற்கு டெம்பரிங் என்று பெயர். தணித்த இரும்பு பாரம் சுமக்கும். தணிக்காதது முதல் பள்ளத்திலேயே கையை விரித்துவிடும்.

இதையெல்லாம் வந்தவர் போனவருக்குச் சொல்லிச் சொல்லி வசுமதிக்கு அலுத்துவிட்டது. ஐம்பத்தேழு வயசு. ராஜோரி கார்டனில் வண்டி மாறுகிற படிக்கட்டு அலுப்பு. நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்து அலுப்பு. மே மாதத்தில் டில்லி முழுவதுமே ஓர் அலுப்பு. அவள் விடுகிற பெருமூச்சில் ஜன்னல் கூலர் வெட்கப்பட்டு நின்றுவிடும் என்று ஆபீசில் பேச்சு. கூலர் நின்றதென்னவோ மோட்டார் கருகியதால்தான்.

அந்த மே மாதத்தில்தான் ஒரு பேட்டரி ரிக்‌ஷாவின் பின்பக்க ஆக்சில் இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஓடுகிற வண்டியில் ஆக்சில் முறிந்து, வண்டி கவிழ்ந்து, உள்ளே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்குக் கால் எலும்பு உடைந்திருந்தது. ஆக்சிலைச் செய்தது வஜீர்பூரில் ஒரு சின்னத் தொழிற்சாலை. முதலாளியே ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். இரும்பு மட்டமா, காய்ச்சின விதம் மட்டமா, அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

வெட்டுகிற இயந்திரம் மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்தது. சத்தமும் புகையும் ஆபீசுக்குள் வரக்கூடாது என்று அங்கே ஏற்றியிருந்தார்கள். வெட்டிய முகத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் வில்லையில் பதிக்க விடமாட்டாள் வசுமதி. அது அவளுடைய சட்டம். வெட்டு முடிந்ததும் மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அன்றைக்கு மாடிப்படியின் முதல் படியில் காலை வைத்தாள். மேலேயிருந்து அனல் இறங்கி வந்து முகத்தில் அறைந்தது. காலை எடுத்துவிட்டாள்.

“நரேன், நீயே பாத்துப் பதிச்சிரு. எனக்கு ஏற முடியாது” என்று கீழேயிருந்தே குரல் கொடுத்தாள்.

நரேன் அங்கே டெக்னீஷியன். நாற்பதைத் தாண்டியவன், டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். தமிழைப் பேசுவான், படிக்கமாட்டான்.

“அச்சா மேடம்ஜி!” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஊசிகள் பளிச்சென்று நின்றன. தணிக்காத மார்ட்டென்சைட். கடினம் பார்க்கிற மெஷின் சரிபார்ப்புக்குப் போயிருந்தது. அது வரட்டும் என்று காத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை. இரும்பில் குறையில்லை, டெம்பரிங் செய்யப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு வாக்கியம் வஜீர்பூர் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், கரோல் பாகில் அவர்கள் குடியிருக்கிற மூன்றாவது மாடிக்கு ஓர் ஆள் மூச்சிரைக்க ஏறி வந்தான். கதவைத் திறந்தவர் வசுமதியின் கணவர் மாசிலாமணி. மத்திய அரசு ஆபீசில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். இப்போது காபி போடுகிற இலாகா அவர் வசம்.

“ஏளா வசு, ஒன்னயத் தேடி ஒரு தம்பி வந்திருக்காப்ல. ஆக்சில்ங்காரு, டெம்பர்ங்காரு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. காப்பி போடட்டா?”

“போடுங்க. எனக்கு அரைக் கப்பு. அவருக்குச் சீனி கேட்டுப் போடுங்க.”

வந்தவன் பெயர் ராஜவேல். சேலத்துக்காரன். வஜீர்பூர் தொழிற்சாலையில் இரும்பைக் காய்ச்சுகிற ஃபர்னஸைப் பார்த்துக்கொள்கிறவன். ரிப்போர்ட்டுக்கு அடியில் இருந்த பெயரைப் பார்த்துத் தமிழ் ஆள் என்று ஊகித்திருக்கிறான். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவன் பெண் படிக்கிறாள். வாசலில் காத்து நிற்கிற அம்மாக்களிடம் விசாரித்து விலாசம் வாங்கிவிட்டான். டில்லியில் ஒரு தமிழர் வீட்டைக் கண்டுபிடிக்கப் போலீசே அந்த அம்மாக்களிடம்தான் வரும் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவார்கள்.

“வீட்டுக்கு வந்தது தப்புத்தானுங்க மேடம். லேப்புல உள்ள உட மாட்டேங்கறாங்க.” நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். “டெம்பரு வெக்காம நானு ஒரு லோடு கூட உட்டதில்லைங்க.”

வசுமதி கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கத்தையும் அழுத்திக்கொண்டாள்.

“இங்க பாருங்க தம்பி. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குப் பொறவும் யாராவது வரத்தான் செய்யுதாங்க. வச்சேன், வச்சேன்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. இரும்பு பொய் சொல்லாது.”

“சொல்லாதுங்க மேடம். நானும் சொல்லலைங்க.”

“அப்பம் யாருதான் சொல்லுதா?” என்று சமையலறையிலிருந்து மாசிலாமணி கேட்டார்.

“நீங்க பாலப் பாருங்க, பொங்கப் போவுது” என்றாள் வசுமதி.

ராஜவேல் சிரிக்கவில்லை. “இந்த வாரத்தோட நின்னுக்கன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. வேலை போனாப் போச்சு, வேற தேடிக்கலாம். டெம்பரு வெக்காம உட்டவன்னு பேரு பரவுனா வஜீர்பூர்ல ஒரு ஃபர்னஸ் வாசல்லயும் என்னைய நிக்க உட மாட்டாங்க. அது கூடப் பரவால்லைங்க. அந்தம்மா காலு இருக்குதுல்லங்க… நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. நெசமாலுமே அன்னைக்கு வெக்காம உட்டுட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அதுதாங்க தாங்க முடியல.”

வசுமதிக்கோ, அவன் எழுந்து போனால் போதும், படுக்கலாம் என்றுதான் தோன்றியது.

“மீதித் துண்டு வெச்சிருப்பீங்களே மேடம். அதக் குடுத்தா வேற எங்கயாச்சும் காட்டிப் பாக்கறனுங்க.”

“உங்க மொதலாளி கேட்டாத்தான் குடுப்பாங்க. சரி, நாளைக்குக் காலைல லேப்புக்கு வாங்க. டைரக்டர்ட்ட கேட்டுப் பாக்கேன். கண்டிப்பாக் கிடைக்கும்னு சொல்லல.”

அவன் கும்பிட்டுவிட்டு இறங்கினான். மாசிலாமணி டம்ளரை எடுக்க வந்தார்.

“ஏளா, அந்தத் தம்பி காப்பியத் தொடவே இல்ல பாத்தியா? மனசு ஒடஞ்சு போயிருக்கான்.”

“நீங்க போட்ட காப்பின்னா மனசு நல்லா இருக்கவனும் தொட மாட்டான்” என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலில் சாய்ந்தாள். தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவனை அனுப்பிவிட்டால் தலைவலி தீரும் என்று சாமான் அறைக்குப் போனாள். ரிப்போர்ட் கொடுத்த பிறகு மீதித் துண்டுகளை எண் கட்டி அலமாரியில் கொஞ்ச காலம் வைத்திருப்பது அங்கே வழக்கம். ஆக்சில் கனமென்று அடித்தட்டில் கிடந்தது. முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து உருட்டி எடுத்தாள். வெட்டிய முகம் வெளிச்சத்துக்குத் திரும்பியது.

நடுவில் மயில் கழுத்து நீலம். அதைச் சுற்றி ஊதா. ஓரத்தில் வைக்கோல் பழுப்பு.

வசுமதி அங்கேயே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றி வெட்டிய இரும்பு வெள்ளி மாதிரி இருக்கும். நீலம் பூக்காது. தண்ணீர் பாயாமல் வெட்டுச் சக்கரத்தை அழுத்தினால் வெட்டுகிற இடத்தில் இரும்பின் தோல் மட்டும் செக்கச் சிவந்துவிடும். அடியில் இருக்கிற குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். எண்ணெயில் போட்டது மாதிரிதான். தோலில் ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் முளைத்துவிடும். தேய்க்கும்போது நீலம் போய்விடும், ஊசி போகாது. ஆக, அவள் பார்த்த ஊசிகள் வஜீர்பூர் ஃபர்னஸில் பிறந்தவை அல்ல. இவர்களுடைய மொட்டை மாடியில் பிறந்தவை. மாடி ஏறி ஒரு பார்வை பார்த்திருந்தால் நீலம் அவளைப் பார்த்துக் கத்தியிருக்கும்.

அன்றைக்கு ஏறாத படியைக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நரேனைக் கூப்பிட்டாள்.

“இத நீதானப்பா வெட்டுன?”

அவன் நீலத்தைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். “ஹாஞ்சி மேடம்ஜி.”

“அன்னைக்குத் தண்ணி லாரி வரலல்லா?”

“பஹுத் கர்மி மேடம்ஜி, அன்னிக்கு ரொம்ப வெயில்” என்றான் நரேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. மே மாதத்து மாயாபுரியில் தண்ணீர் இல்லை என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பழைய வில்லையைத் தேடி எடுத்து, முரட்டு எமரியில் தானே தேய்க்க உட்கார்ந்தாள். தோல் போகட்டும், அடியில் என்ன இருக்கிறது பார்ப்போம் என்று. இந்த வேலையை அவள் தன் கையால் செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. தோள்பட்டை கத்தியது. ஒவ்வொரு காகிதம் மாற்றும்போதும் வில்லையைக் குறுக்கே திருப்பி, முந்திய கீறல் மறையும்வரை தேய்த்தாள். பாலிஷ் துணியில் பிடித்தாள். அமிலத்தில் முக்கினாள். கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தாள்.

ஊசிகளைக் காணோம். அடர்ந்து, மங்கி, சாதுவாக ஓர் இழை. ஈர மண்ணில் துடைப்பம் இழுத்த தடம் மாதிரி. வீம்பு தணிந்த இரும்பு. எத்தனையோ ஆயிரம் வில்லைகளைப் பார்த்த கண்ணுக்கு அதைப்போல ஓர் அழகு வேறெங்கும் கிடைத்ததில்லை என்று எழுதலாம்தான். உண்மையில் அவளுக்குத் தோன்றியது, ‘ஐயோ, இனி எவ்வளவு வேலை!’ என்பதுதான்.

வேலை இருக்கத்தான் செய்தது. ரிப்போர்ட்டுக்குப் புதுத் துண்டு வேண்டும். நரேன் கீழே போய்விட்டு வந்தான். மாடிக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இந்த முறை வசுமதி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி, வெட்டி முடிகிறவரை அந்த அனலிலேயே நின்றாள். வெட்டிய முகம் வெள்ளியாக வந்தது. மத்தியானத்துக்குள் அந்தத் துண்டும் அதே சேதியைச் சொன்னது. சரிபார்த்துத் திரும்பியிருந்த கடினம் பார்க்கிற மெஷினும் ஆமாம் போட்டது. ஆக்சில் முறிந்த முகத்தையும் லென்ஸில் இன்னொரு தடவை பார்த்தாள். சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டுகிற சாவிக்கட்டை உட்காருகிற பள்ளத்தின் கூரான மூலையிலிருந்து விரிசல் புறப்பட்டு, அலை ஒதுங்கிய வரிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து ஆக்சிலை முறித்திருந்தது. முதல் தடவையே கண்ணில் பட்டது. ஊசிகளைப் பார்த்த மிதப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூலையை அத்தனை கூராக வரைந்தது முதலாளியின் மருமகன் என்று பிற்பாடு தெரிந்தது. அது ரிப்போர்ட்டில் எழுதுகிற சங்கதி அல்ல.

ராஜவேல் காலையிலிருந்து வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்து எழுந்து நின்றான். அவள் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

டைரக்டர் வடக்கத்தியர், தமிழ் தெரியாது. அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்.

“இரண்டாவது ரிப்போர்ட் கொடுங்கள், வசுமதிஜி. முதலாவதை எதற்குக் கிளற வேண்டும்?”

“இரண்டு ரிப்போர்ட் இருந்தால் முதலாளி தனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்வார், சார். இந்த ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலாவதைத் திரும்பப் பெற்றாக வேண்டும்.”

“காரணம் எழுத வேண்டுமே?”

“எழுதலாம். நம் இடத்தில் வெட்டும்போது கருகிவிட்டது என்று.”

டைரக்டர் மின்விசிறியைப் பார்த்தார். அங்கீகாரம் கொடுக்கிறவர்கள் வருவார்கள், கேள்வி கேட்பார்கள், நாலு பார்ட்டிகள் வேறு லேப் தேடிப் போவார்கள் என்றெல்லாம் அந்த மின்விசிறியில் எழுதியிருந்தது போலும். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது.

“தண்ணீர் இல்லை என்று எழுதுங்கள். டேங்கர் வரவில்லை. கருகிவிட்டது. இந்த ஊரில் இதை நம்பாதவன் யார்? யாருக்கும் கெட்ட பெயர் இல்லை.”

வசுமதிக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. வாதாட வேண்டியதில்லை என்பதே பெரிய ஆறுதல். ஒரு வாக்கியத்தை மட்டும் அவளாகச் சேர்த்தாள்: பதிப்பதற்கு முன் வெட்டிய முகத்தைக் கீழே கையெழுத்திட்டவர் பார்க்கவில்லை.

“இது எதற்கு?” என்றார் டைரக்டர்.

“இல்லாவிட்டால் அடுத்த தடவையும் ஏறமாட்டேன், சார்.”

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ராஜவேலை உள்ளே கூப்பிட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றான். நரேன் புது வில்லையை டப்பியில் போட்டு எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

“தம்பி, நீங்க டெம்பர் வச்சிருக்கீங்க” என்றாள் வசுமதி. “சரியாத்தான் வச்சிருக்கீங்க. அந்த அம்மா காலு ஒங்களால ஒடையல.”

ராஜவேல் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். 

“பேப்பர்ல வருங்களா மேடம்?” என்றான் கடைசியில். “நீங்க வாயில சொன்னது எனக்குப் போதுமுங்க. ஆனா மொதலாளி பேப்பரத்தான் நம்புவாரு.”

“வரும். பழசத் திரும்ப வாங்குதோம்னு காரணத்தோட எழுதியாச்சு. படிக்கேன், கேளுங்க.” ஆங்கிலத்தில் இருந்ததை அவனுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். “முதல் துண்டு எங்க லேப்புல வெட்டும்போதே கருகிப்போச்சு. அந்தச் சூட்டுல மேல்தோல் மாறினத, டெம்பரிங் இல்லன்னு தப்பா எடுத்துக்கிட்டோம். அன்னைக்குத் தண்ணி லாரி வராததால, மெஷினுக்குத் தண்ணி இல்லாம—”

“நஹீ மேடம்ஜி.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நரேன் டைரக்டர் பக்கம் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த டப்பியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அது சரியில்லே. அன்னிக்கு டேங்கர் வந்துது. கீழே டேங்க் ஃபுல்லா இருந்துது. பம்ப் போடணும்னா மாடியிலேர்ந்து கீழ் வரைக்கும் இறங்கி, திரும்ப ஏறணும். அந்த வெயில்லே என்னாலே முடியல்லே, போகல்லே. தண்ணி இல்லேன்னு எழுதாதீங்க மேடம்ஜி. நரேன் கீழே போகல்லேன்னு எழுதுங்க.”